மாற்றுச் சிறுநீரகமும் விடக்கூடாத மாத்திரையும்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை குறித்துத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்கவில்லை. அதன் பிறகு, புதிய உறுப்பை உடல் எதிர்க்காமல் இருக்க நாள் தவறாமல் விழுங்க வேண்டிய மாத்திரைகளைப் பற்றியே கேட்கின்றன. வீட்டில் அன்றாடம் பேசப்படும் கவலை அதுதான் என்பதால் அதையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி: என் மகனுக்கு என் சிறுநீரகத்தைக் கொடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 1.2-ஐத் தாண்டியதில்லை. தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறான், நன்றாக இருக்கிறான். “பெற்ற தாயின் உறுப்புதானே, இத்தனை வருடத்தில் உடம்பு பழகியிருக்கும், இன்னும் எதற்கு இவ்வளவு மாத்திரை” என்று உறவினர்கள் சொல்லச் சொல்ல, அவனுக்கும் நிறுத்திப் பார்க்கும் எண்ணம் வந்துவிட்டது. நிறுத்தலாமா?

நிறுத்தக்கூடாது, அம்மா. ஒரு நாள்கூடச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று உங்கள் மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

தாயின் உறுப்பு என்றாலும் உங்கள் மகனின் உடல் அதில் பாதியை மட்டுமே தன்னுடையதாக அறியும். நம் உயிரணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தாயிடமிருந்து ஒரு தொகுதியையும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியையும் பெறுகிறோம். ஆகவே உங்கள் சிறுநீரகத்தில் இருக்கும் இரண்டு தொகுதிகளில் ஒன்று உங்கள் மகனுக்குத் தெரிந்தது, மற்றொன்று முற்றிலும் அந்நியமானது. உடன்பிறந்தவர்களிடையே முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே பொதுவாகப் பாதிப் பொருத்தமே அமையும்.

அந்நியத்தை உடல் மறப்பதில்லை என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே தெரிந்துவிட்டது. தீக்காயம் பட்ட ஒரு நோயாளிக்கு வேறொருவரின் தோலை ஒட்டிப் பார்த்த தாமஸ் கிப்சன், பீட்டர் மெடாவர் என்னும் இருவர், அதே கொடையாளியின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது அது முதல் முறையைவிட விரைவாக அழிந்ததைக் கண்டு 1943-இல் எழுதினார்கள். உடல் முதல் முறையே அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொண்டது என்பதே அதன் பொருள். உங்கள் மகனின் உடலிலும் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நாளும் புதிய வெள்ளணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஆறு ஆண்டுகளாகச் சிறுநீரகம் அமைதியாக இருப்பது உடல் பழகிவிட்டதால் அல்ல. அந்த அணுக்கள் கிளர்ந்தெழாமல் மாத்திரை அன்றாடம் தடுத்து வைத்திருப்பதால்தான்.

நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. முதல் வாரம் மாத்திரையின் பக்க விளைவுகளான கை நடுக்கம் குறைந்து, சர்க்கரை குறைந்து, உடம்பு முன்பைவிட நன்றாக இருப்பதாகக்கூடத் தோன்றும். கிரியேட்டினின் உயரத் தொடங்குவதற்குள் சிறுநீரகத்தின் உள்ளே சேதம் தொடங்கியிருக்கும். அதைவிட மோசமானது, கொடையாளியின் உறுப்புக்கு எதிராக இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாவது. அவை உருவான பின் மருந்தை மறுபடியும் தொடங்கினாலும் பழைய நிலை முழுமையாகத் திரும்புவது அரிது. உறுப்பு போனால் டயாலிசிஸுக்குத் திரும்ப வேண்டும். அந்த எதிர்ப்பொருள்களால் அடுத்த சிறுநீரகத்துக்குப் பொருத்தம் கிடைப்பதும் கடினமாகிவிடும். நீங்கள் கொடுத்ததை இரண்டாம் முறை கொடுக்க முடியாது, அம்மா. மாத்திரையின் அளவைக் குறைக்க இடம் இருக்கிறதா என்று உங்கள் மகன் தன் மருத்துவரைக் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. அளவு குறைந்து வந்ததன் வரலாற்றை அடுத்த பதிலில் காணலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து விலங்கியல் படிக்கும் ஒரு மாணவர்: 2024-ஆம் ஆண்டு மறைந்த ராய் கால்ன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரை உறுப்பு மாற்றுத் துறையின் முன்னோடி என்று படித்தேன். முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்தவர் ஜோசப் மர்ரே என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் கால்ன் செய்தது என்ன? அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் எதைச் சொல்கின்றன?

நல்ல கேள்வி, தம்பி. மர்ரே 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் செய்த அறுவை சிகிச்சையில் சிறுநீரகம் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர்கள். அந்நிய உறுப்பை உடல் எதிர்த்து அழிக்கும் நிராகரிப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சிறுநீரகத்தை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தி இயங்க வைக்க முடியும் என்பதை அது காட்டியது. இரட்டையர் இல்லாத கோடிக்கணக்கானோருக்கு அதனால் பயன் இல்லை. அந்த இடைவெளியை மருந்தால் கடக்க முடியும் என்று நம்பிய சிலரில் கால்ன் ஒருவர்.

அவர் லண்டனில் மருத்துவ மாணவராக இருந்தபோது, தம் வயதையொத்த ஓர் இளைஞர் சிறுநீரகச் செயலிழப்பால் படுத்திருந்தார். இரண்டு வாரத்தில் இறந்துவிடுவார் என்று பேராசிரியர் சொல்ல, வேறொரு சிறுநீரகத்தை வைக்க முடியாதா என்று கால்ன் கேட்டார். முடியாது என்பதே பதில். ஏன் முடியாது என்பதற்கு அவருக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

அக்காலத்தில் எதிர்ப்பாற்றலை ஒடுக்க அறியப்பட்டிருந்த வழி, உடல் முழுவதும் எக்ஸ்-கதிர் பாய்ச்சுவது. அதில் சிறுநீரகம் பிழைத்தாலும் நோயாளி பிழைப்பது அரிதாக இருந்தது. 1959-இல் ஷ்வார்ட்ஸ், டேமஷெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், இரத்தப் புற்றுக்குக் கொடுக்கப்பட்ட 6-மெர்காப்டோப்யூரின் என்னும் மருந்து, முயல்களில் அந்நியப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாவதைத் தடுக்கிறது என்று வெளியிட்டார்கள். அதைப் படித்த கால்ன், நாய்களுக்குச் சிறுநீரகத்தை மாற்றி வைத்து அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நிராகரிப்பு தள்ளிப்போனது. 1960-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அந்தச் சிறிய கட்டுரைதான் அவருடைய முதல் பெரும் பங்களிப்பு. பின்னர் மர்ரேயிடம் பணியாற்ற பாஸ்டன் போன அவர், அந்த மருந்தை உருவாக்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியன் இருவரிடமிருந்தும் அதன் உறவு மருந்துகளைப் பெற்று நாய்களில் சோதித்தார். அவற்றுள் ஒன்றே அசாதயோப்ரின். 1962-இல் மர்ரே குழு அதைக் கொடுத்து, இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை உறவற்ற ஒருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டது. அதற்கடுத்த ஆண்டு, அசாதயோப்ரினுடன் ஸ்டீராய்டைச் சேர்த்தால் தொடங்கிவிட்ட நிராகரிப்பையும் திருப்ப முடியும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸ்ல் காட்டினார். நம் மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் இன்றும் போகிற வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் நடந்து வெற்றி பெற்ற சிறுநீரக மாற்று இந்த இரண்டு மருந்துகளின் காலத்தைச் சேர்ந்தது.

அந்தக் காலத்தில் இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் ஏறத்தாழப் பாதி, ஓராண்டுக்குள் வீணாயின. இதை மாற்றிய மருந்து நார்வே நாட்டு மண்ணிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் சேகரித்த மண் மாதிரியில் இருந்த ஒரு பூஞ்சை, சைக்ளோஸ்போரின் என்ற பொருளைச் சுரந்தது. அது வெள்ளணுக்கள் எல்லாவற்றையும் கொல்லாமல், நிராகரிப்பை நடத்தும் டி-அணுக்களின் கிளர்ச்சியை மட்டும் அடக்குகிறது என்பதை அந்த நிறுவனத்தின் ஆய்வாளர் ஜான் பொரேலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1976-இல் வெளியிட்டார்கள். அப்போது கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்த கால்ன், டேவிட் ஒயிட் முதலியோருடன் சேர்ந்து எலி, நாய், பன்றி என ஒவ்வொன்றிலும் அதைச் சோதித்துவிட்டு மனிதருக்குக் கொடுத்தார்.

1978-இல் லான்செட்டில் வந்த கட்டுரையை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், தம்பி. மொத்தம் 7 நோயாளிகள். எல்லோரும் டயாலிசிஸில் இருந்தவர்கள். பொருத்தமில்லாத, இறந்தவர் சிறுநீரகங்களைப் பெற்றவர்கள். மருந்து நிராகரிப்பைத் தடுக்கிறது என்று சொல்லும் அதே சுருக்கத்தில், சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் அது நஞ்சாவது தெளிவாகத் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். 5 பேர் வீடு திரும்பினார்கள். ஒருவருக்குப் பொருத்திய சிறுநீரகத்தில் தொற்று ஏற்பட்டு அதை எடுக்க வேண்டியதாயிற்று. ஒருவர் பூஞ்சைத் தொற்றால் இறந்தார். விலங்குகளில் பெரிதாகத் தெரியாத சிறுநீரகக் கேடு மனிதரில் தெரிந்தது, அதுவும் சிறுநீரகத்தைக் காக்கவென்று கொடுத்த மருந்தால். இதை மறைக்காமல் எழுதியதே இந்தக் கட்டுரையின் பெரும் மதிப்பு என்று நான் கருதுகிறேன். அடுத்த ஆண்டு 34 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, சிலருக்கு நிணநீர்ப் புற்று வந்ததையும் அதேபோல் பதிவு செய்தார்கள். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும், இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்ற இன்றைய நடைமுறைக்கு இந்தக் கசப்பான கணக்குகளே அடிப்படை. 1983-இல் அமெரிக்காவில் சைக்ளோஸ்போரினுக்கு அனுமதி கிடைத்தது. ஓராண்டு முடிவில் இயங்கும் சிறுநீரகங்களின் விகிதம் பாதியிலிருந்து ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

அளவைக் குறைக்கும் முயற்சியைக் கால்ன் கடைசிவரை கைவிடவில்லை. பன்றிகளில் மாற்றி வைத்த கல்லீரல் மருந்தே இல்லாமல் நிலைத்து நிற்கக்கூடும் என்று 1969-இலேயே நேச்சர் இதழில் எழுதியவர் அவர். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் 13 சிறுநீரக நோயாளிகளுக்கு, அறுவை சிகிச்சையின்போது வெள்ளணுக்களை வெகுவாகக் குறைக்கும் ஒரு மருந்தைக் கொடுத்து, அதன்பின் சைக்ளோஸ்போரினைக் குறைந்த அளவில் தனியாகக் கொடுத்தால் போதுமா என்று பார்த்தார். அவர் நாடியது முழு விடுதலை அல்ல, மிகக் குறைந்த மருந்தில் நிலைத்த அமைதி. பின்னர் 15 நாடுகளில் 1,645 நோயாளிகளிடம் நடந்து 2007-இல் வெளியான ‘சிம்பொனி’ ஆய்வும் அதே திசையில் விடை தந்தது. சைக்ளோஸ்போரினைப் போலவே மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஜப்பானில் கிடைத்த டாக்ரோலிமஸைக் குறைந்த அளவில், எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மற்றொரு மருந்தான மைகோஃபினோலேட், ஸ்டீராய்டு ஆகியவற்றுடன் கொடுத்தவர்களுக்கே ஓராண்டில் நிராகரிப்பு மிகக் குறைவாக இருந்தது: 12.3 விழுக்காடு. வழக்கமான அளவு சைக்ளோஸ்போரின் பெற்றவர்களிடம் அது 25.8 விழுக்காடு. பாலக்கோட்டு அம்மாவின் மகன் விழுங்கும் மாத்திரைகள் பெரும்பாலும் இந்த மூன்றாகவே இருக்கும்.

பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகர்: மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சிறுநீரக மாற்று நடந்தது. சென்ற மாதம் இருமலுக்கு மருந்துக்கடையில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். நான்காம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. இரத்தத்தில் டாக்ரோலிமஸ் 19 இருப்பதாகச் சொல்லி மருத்துவர் கடிந்துகொண்டார். நான் ஒரு வேளைகூட அதிகமாக எடுக்கவில்லையே?

நீங்கள் அதிகமாக எடுக்கவில்லை, ஐயா, எடுத்தது வெளியேறவில்லை. நீங்கள் உடன் அனுப்பியிருக்கும் சீட்டில் இருப்பது கிளாரித்ரோமைசின். டாக்ரோலிமஸையும் சைக்ளோஸ்போரினையும் சிதைத்து வெளியேற்றும் நொதி ஒன்று குடலிலும் கல்லீரலிலும் இருக்கிறது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃபுளூகோனசோல், கீட்டோகோனசோல், இரத்த அழுத்தத்துக்குத் தரும் டில்டியாசெம் ஆகியவை அந்த நொதியை முடக்குகின்றன. இரத்தத்தில் மருந்து சேர்ந்து நடுக்கமும் சிறுநீரகக் கேடும் வருகின்றன. சைக்ளோஸ்போரின் விலை கைக்கெட்டாமல் இருந்த காலத்தில் நம் நாட்டு மருத்துவர்கள் இதே விளைவைத் தெரிந்தே பயன்படுத்தி, கீட்டோகோனசோலையோ டில்டியாசெமையோ சேர்த்துக் கொடுத்துக் குறைந்த அளவு சைக்ளோஸ்போரினில் சமாளித்ததும் உண்டு. ஆனால் அது இரத்த அளவைக் கூர்ந்து கண்காணித்துச் செய்யப்பட்டது. எதிர்த்திசையில், காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவையும் அந்த நொதியைத் தூண்டி, மருந்தின் அளவைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடும். மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் கடையில் கேட்டவுடன் தரும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் நொதியைத் தொடாவிட்டாலும் சிறுநீரகத்துக்கு நேரடியாகத் தீங்கு செய்கின்றன. பழங்களில் பம்பளிமாஸை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள், அதுவும் அந்த நொதியை முடக்கக்கூடியது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் கவனித்தேன். சேலத்துக்குப் பரிசோதனைக்குப் போகும் நாட்களில் விடியற்காலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால், வீட்டிலேயே ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டுக் கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே இரத்தம் எடுப்பதோ ஒன்பது மணி வாக்கில். மாத்திரை போட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில்தான் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் உச்சத்தில் இருக்கும். மருத்துவர் பார்க்க விரும்புவது அந்த உச்சத்தை அல்ல, இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்குச் சற்று முன் இருக்கும் அடிமட்ட அளவை. உச்சத்தை அடிமட்டம் என்று எண்ணி அவர் மாத்திரையைக் குறைத்தால், உண்மையான அளவு போதாமல் போய் நிராகரிப்புக்கு வழி திறந்துவிடும். நன்றாகக் கவனித்துக்கொள்ளும் நோயாளிகளிடமும் இந்தத் தவறு நடக்கிறது, காரணம் யாரும் எடுத்துச் சொல்லாததுதான். இனி அந்த நாட்களில் காலை மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். இரத்தம் கொடுத்த கையோடு விழுங்குங்கள். முந்தைய இரவு எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் ஆய்வகத்தில் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு வாசகர்: மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மாம்பழம் சாப்பிடலாமா? மழைக்காலத்தில் கபசுரக் குடிநீர் குடிக்கலாமா?

சிறுநீரகம் நன்றாக இயங்கினால் மாம்பழத்துக்குத் தடை இல்லை. ஆனால் டாக்ரோலிமஸ் இரத்தத்தில் பொட்டாசியத்தையும் சர்க்கரையையும் உயர்த்தக்கூடியது, ஸ்டீராய்டும் சர்க்கரையை உயர்த்தும், மாம்பழத்திலோ இரண்டும் உண்டு. பருவம் தொடங்கும்போது இவ்விரண்டையும் ஒரு முறை பார்த்துவிட்டு, அளவோடு சாப்பிடுங்கள். கபசுரக் குடிநீர் வேண்டாம். அதில் சேரும் சீந்தில் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதாகவே மதிக்கப்படும் மூலிகை. நாம் மாத்திரை கொடுத்து அடக்குவதும் அதே ஆற்றலைத்தான். சீந்திலால் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

ஓசூரிலிருந்து ஒரு தொழிலாளி: தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. மாத்திரை நேரம் தவறுகிறது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடலாமா?

இரண்டாகப் போடக்கூடாது. சில மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் விட்டதைப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போட்டுவிட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஷிஃப்டுக்கு ஏற்ப மாத்திரை நேரத்தை மாற்றாமல், எல்லா ஷிஃப்டிலும் விழித்திருக்கும் இரண்டு நேரங்களை, பன்னிரண்டு மணி இடைவெளியில் தேர்ந்தெடுத்துக்கொள்வதே வழி. காலை ஒன்பதும் இரவு ஒன்பதும் பலருக்கு ஒத்துவருகின்றன. மருந்துக்கடையில் வேறு நிறுவனத்தின் டாக்ரோலிமஸைக் கொடுத்தால், மருத்துவருக்குத் தெரியாமல் மாற்றாதீர்கள். மாற்ற நேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் இரத்த அளவைப் பார்க்க வேண்டும்.

அரூரிலிருந்து பெயர் வெளியிட விரும்பாத வாசகி: எனக்கு 27 வயது. சகோதரர் கொடுத்த சிறுநீரகத்துடன் இரண்டு ஆண்டுகளாக நலமாக இருக்கிறேன். குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா? மாமியார் வீட்டில் மாத்திரையால் குழந்தைக்குக் குறை வரும் என்று பயப்படுகிறார்கள்.

முடியும், அம்மா. மாற்றுச் சிறுநீரகத்துடன் ஒரு பெண் குழந்தை பெற்றது 1958-ஆம் ஆண்டிலேயே நடந்தது. அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் அவருடைய இரட்டைச் சகோதரி. எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளோடு வாழும் பெண்களும் அதன் பிறகு உலகெங்கும் ஆயிரக்கணக்கில் தாயாகியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும், கிரியேட்டினின் நிலையாக இருக்க வேண்டும், சிறுநீரில் புரதம் போகக்கூடாது, இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டார் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அது ஒரு மாத்திரையைப் பற்றியது. மைகோஃபினோலேட் கருவின் காது, உதடு, அண்ணம் முதலியவற்றில் குறைகளை உண்டாக்கக்கூடியது. கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவர் அதை நிறுத்தி, அதற்கு மாற்றாக அசாதயோப்ரின் கொடுப்பார். கால்ன் 1960-களின் தொடக்கத்தில் நாய்களில் சோதித்த அதே பழைய மருந்துதான். கர்ப்பகாலத்தில் நீண்ட அனுபவம் இருப்பதால் இன்னும் கைகொடுக்கிறது. அதைத் தொடங்கும்போது யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால் மாத்திரையை நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் தொடரும். கர்ப்பத்தில் டாக்ரோலிமஸின் இரத்த அளவு இறங்குவது வழக்கம் என்பதால் அதை அடிக்கடி பார்க்க வேண்டும். மாதம் தவறிய பிறகு வருவதைவிட, இப்போதே கணவரையும் அழைத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். மாத்திரை மாற்றிய பின் புதிய மருந்தில் கிரியேட்டினின் சில மாதங்கள் நிலையாக இருப்பதைப் பார்த்த பிறகே கருத்தடையை நிறுத்தச் சொல்வார்கள்.